ஒன்றரை பார் எடை

எனக்கு ஒரே இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "கால ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆவாது" என்று அம்மா இருந்தவரை தொடையில் ஒன்று போடுவாள். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா அடிக்கிற ஆள் இல்லை. கால் தன் இஷ்டத்துக்கு ஆடியது.

எனக்கென்று வேலையும் வாய்த்தது பாருங்கள். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்து இறங்கும் பெட்டிகளின் நம்பரை எழுதி, எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே துரு என்று குறிக்கிற வேலை. பெட்டி ஒவ்வொன்றும் எந்தெந்தக் கடலையோ தாண்டி வந்து நிற்கும். நான் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், எண்ணூரிலிருந்து திருவொற்றியூர். நடுவில் டிரெய்லர் லாரிகள் நாள் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் ஒரு ரோடு. அதை ரோடு என்று சொன்னால் மற்ற ரோடுகள் கோபித்துக்கொள்ளும். மழை பெய்தால் எது குழி, எது குளம் என்று தெரியாது. வெயில் அடித்தால் நிலக்கரித் தூள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். முடிவெட்டும் கடையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில், பனிமலை நடுவில் மூட்டை முடிச்சோடு நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் படத்தைப் பார்த்தேன். கீழே லடாக் என்று போட்டிருந்தது. பாதி முடி வெட்டிய தலையோடு அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். போயே தீருவது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு யோசனை என்பது முடிவெடுத்த பிறகு வருவது.

இப்போது மாதிரி கடையில் போய் அட்வென்ச்சர் பைக் என்று கேட்டு வாங்குகிற காலம் இல்லை அது. இருக்கிற வண்டியை நாமே மலைக்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி. இன்ஜின் நல்லது, எருமை மாதிரி இழுக்கும். ஆனால் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. குழியில் விழுந்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துவிடும். இதை வைத்துக்கொண்டு மலையேறினால் நான் போய்ச் சேருவேன், வண்டி சேராது. அல்லது வண்டி சேரும், நான் சேரமாட்டேன்.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு மெக்கானிக் இருந்தார். மீன்கார வண்டிகளுக்கு ஸ்பிரிங் போடுவதில் அவரை விட்டால் ஆள் இல்லை. ஐஸ் பெட்டியும் மீனுமாக விடியற்காலையில் பாரத்தோடு ஓடுகிற வண்டிகள் எல்லாம் அவர் கை பட்டவைதான். மற்ற இடங்களில் ஷாக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க சீட்டைக் கையால் அமுக்குவார்கள். அமுங்காவிட்டால் "செம ஸ்ட்ராங்கு" என்று தட்டிக்கொடுப்பார்கள். இவர் அப்படிச் செய்பவனைக் கண்டாலே திட்டுவார். இவருடைய தராசு ஐஸ். பக்கத்திலேயே ஐஸ் உடைக்கும் இடம். ஒரு பார் ஐஸ் என்றால் ஐம்பது கிலோ. ஒரு பார் ஏற்றுகிற வண்டியா, ஒன்றரையா, இரண்டா என்று கேட்டு, அத்தனை ஐஸைச் சாக்கில் சுற்றிப் பின்னால் வைத்துப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கை முறுக்குவார்.

"எங்க மாமு போற?" என்றார்.

லடாக் என்றேன்.

"அது எந்தக் குப்பம்?" என்றார். சொன்னேன். "சரி, பின்னாடி எவ்ளோ லோடு?"

கூடாரம், துணி, சட்டி, பெட்ரோல் கேன் இரண்டு, டூல்ஸ், ஸ்பேர் டியூப், செயின், கேபிள் என்று ஒப்பித்தேன். அந்தப் பட்டியல் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. "கிலோவுல சொல்லு."

"எங்கப்பா வெயிட்டு இருக்கும்" என்றேன் வாய்க்கு வந்தபடி.

"அப்ப உங்க நைனாவ இட்டுனு வா."

அப்பாவை அழைத்துப் போனேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலுக்குச் சரக்கு கட்டி ஏற்றியவர். ரிடையராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. திடமான உடம்பு. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்து, "ஒன்ற பாரு" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "ஒன்ற பாராமே!" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்.

புது ஷாக், கெட்டி ஸ்பிரிங், முன் ஃபோர்க்குக்குத் தடித்த ஆயில், எல்லாம் ஏறியது. பின் ஸ்பிரிங்கை முறுக்கும் வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, அதன்மேல் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். "இத்த தொட்ட, கைய ஒடச்சிருவேன். புது ஸ்பிரிங்கு. ரெண்டு மூணு மாசம் ஓட்டுனா ஒக்காரும். அப்பறம்தான் கடைசியா வைக்கணும். வாரா வாரம் நைனாவ ஏத்தி அளந்து வை. அளக்கறதுக்கு முன்னாடி மூணு வாட்டி குதிக்கச் சொல்லு."

சங்கதி இதுதான். பாரம் ஏறினால் பின்பக்கம் இவ்வளவு அமுங்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அமுங்காத வண்டி குழியில் ஆளைத் தூக்கி எறியும். ரொம்ப அமுங்குகிற வண்டி அடிதட்டும். அப்பா ஏறி உட்கார்ந்ததும், ஒரு மரச்சட்டத்தைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தி, மட்கார்டு போல்ட்டின் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவேன். ஸ்பிரிங் உட்கார உட்கார கோடு கீழே இறங்கும். இறங்குவது நின்றதும் வேலை முடிந்தது. நான் கிளம்பலாம். யார்டில் ஜூலை மாதத்துக்கு லீவும் கேட்டு வாங்கிவிட்டேன். அதை வாங்க நான் சொன்ன பொய்களை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டாவுக்கு முன்னால் இது ஒரு பூஜை மாதிரி ஆகிவிட்டது. சந்துச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துவேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டி ஏறுவார். சுவரில் ஒற்றை விரலை வைத்து நிலை நின்று, மூன்று தடவை குதிப்பார். முதல் இரண்டு வாரம் அவர் குதித்த குதியில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். நான் மண்டிபோட்டு, ஒரு கண்ணை மூடி, கோடு போடுவேன்.

முதல் வாரம் ஒரு கோடு. இரண்டாம் வாரம் அதே இடம். மூன்றாம் வாரம் ஒரு மயிரிழை கீழே. சரி, உட்காருகிறது என்று எனக்கு ஒரே குஷி. அதற்குப் பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. கோடு மேலே போனது. ஐந்தாம் வாரம் இன்னும் கொஞ்சம் மேலே. எட்டாம் வாரம் முதல் கோட்டிலிருந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உயரம்.

"நைனா, சுவத்துல கைய ஊனிகினு கீறியா?"

"இல்லடா, வெரல்தான வச்சிகினு கீறேன்."

"வெரலையும் எடு."

எடுத்தார். வண்டி ஆடியது. அப்போதும் கோடு மேலேதான் விழுந்தது.

"ஒயுங்கா குதி நைனா. சோறு துன்னல?"

குதித்தார். மூன்றாவது குதியில் இருமல் வந்துவிட்டது. இறங்கிச் சுவரோரமாக உட்கார்ந்து இருமினார். நான் ஷாக்கின் அடியில் தலையை விட்டு, புஷ்ஷுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இருமல் என்பது ஒரு செய்தியே இல்லை. நிலக்கரி, உரம், கெமிக்கல் என்று காற்றில் எல்லாம் கலந்து வரும். இருமாதவன் இருந்தால்தான் என்னாச்சு என்று கேட்க வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அபூர்வம். நான் ஷிப்டு முடிந்து வரும்போது அவர் தூங்கியிருப்பார். மெஸ்ஸில் வாங்கி வைத்த சாப்பாடு மீதி இருந்தால் பூனைக்கு எடுத்து வைத்திருப்பார் என்று நினைப்பேன். சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். ரிடையரான மனுஷன், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வாரா வாரம் அவரை ஏற்றி இறக்கினேன் அல்லவா, அப்போதாவது பார்த்திருக்கலாம். என் கண் அந்த போல்ட்டுக்கு மேலே போகவே இல்லை. இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு என் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூன் கடைசி ஞாயிறு. லீவுக்கு ஐந்து நாள்தான். கோடு மொத்தம் மூன்று நூல் ஏறி நின்றது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஷாக்கில் என்னவோ கோளாறு. அந்த ஆள் பழைய சரக்கைப் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டிவிட்டான். மரச்சட்டத்தை நடுவீட்டில் வீசியடித்தேன்.

"போச்சு நைனா! எல்லாம் போச்சு! இன்னிக்கி அந்தாளு இத்த சரி பண்லனா லீவ கேன்சல் பண்ட்டு யார்டுலயே கெடந்து சாவறேன்."

அப்பா குனிந்து மரச்சட்டத்தை எடுத்து, தூசியை லுங்கியில் துடைத்து என் கையில் கொடுத்தார். "போய் ஒயுங்கா கேளு. சண்ட போடாத" என்றார். சண்டை போடத்தான் போனேன்.

காசிமேட்டில் மெக்கானிக் என் கத்தலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மரச்சட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வளையத்தில் சிவப்புக் கோடு விலகாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"எது மொதல்ல போட்ட கோடு?"

காட்டினேன்.

"கடைசி?"

காட்டினேன்.

"மாமு, ஸ்பிரிங்கு நாளானா எறங்கும். என் சர்வீசுல ஏறுன ஸ்பிரிங்க நான் பாத்ததே இல்ல."

"அப்ப இது இன்னா? பீலா வுடாத."

ஐஸ் உடைக்கும் இடத்துக்குக் குரல் கொடுத்தார். ஒன்றரை பார் ஐஸ் வந்தது. சாக்கில் சுற்றி, என் பின் சீட்டில் வைத்துக் கட்டி, வண்டியை மூன்று தடவை தானே அமுக்கி விட்டார். மரச்சட்டத்தை நிறுத்தினார். போல்ட் என் முதல் கோடுகளுக்கு நேராக வந்து நின்றது. பிறகு அரை பாரை அவிழ்த்து, குத்தூசியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கீழே தள்ளிவிட்டு மீதியைத் திரும்ப வைத்தார். மறுபடி அமுக்கினார். போல்ட் ஏறிப்போய், அன்று காலையில் நான் போட்ட கோட்டில் நின்றது.

ஐஸ் தண்ணீர் சைலன்சரில் சொட்டி ஆவியானது. அவர் குரலே மாறிவிட்டது.

"ஒன்னேகால் பாரு. வாரா வாரம் யார ஏத்துன?"

"எங்கப்பாவதான்."

"அதே ஆளா?"

"அதே ஆளுதான்."

மரச்சட்டத்தை என் கையில் வைத்தார். "வண்டி நல்லா கீது. வூட்டுக்குப் போயி நைனாவ பாரு."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஐஸ் உருகுகிற பொருள், அதை வைத்து ஓர் அளவா? அப்பா சுவரில் கை ஊன்றியிருப்பார். விரல் என்று சொன்னது பொய். புது ஷாக் அத்தனை குழியையும் மெத்தையாகத் தாண்டியது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். "இன்னா சொன்னான்?"

"ஏறு நைனா." இந்தத் தடவை சுவருக்கு எட்டாமல் சந்தின் நடுவே நிறுத்தினேன். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். அவர் மெதுவாக, மிக மெதுவாக ஏறினார். ஒரு தடவைதான் குதித்தார். அது போதும் என்றேன். மண்டிபோட்டேன். மரச்சட்டத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

போல்ட் முதல் கோட்டுக்கு நேராக இருந்தது. மயிரிழை பிசகவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! "நைனா, வந்துச்சு!" என்று கத்தினேன். அந்த மெக்கானிக்கின் பரம்பரையையே வைது தீர்த்தேன். ஐஸாம், பாராம், சோமாறி, ஒரு நிமிஷத்தில் என் உயிரை எடுத்துவிட்டானே! வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறேன், ஆந்திராவில் மத்தியானச் சாப்பாடு என்று அளந்துகொண்டே போனேன். அப்பாவும் சிரித்தார். "கெளம்பு, கெளம்பு" என்றார்.

பிறகு இறங்கினார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைச் சீட்டுக்கு மேலே தூக்கினார். தூக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கினார். சட்டைக்குள்ளிருந்து என்னவோ அவிழ்ந்து, சிமென்ட் தரையில் ணங்கென்று விழுந்தது. கப்பலில் இரும்பு வடத்தை மாட்டுகிற லாட வளையம் ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கொக்கி. துறைமுகத்திலிருந்து அவர் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்த பழைய இரும்பு. அத்தனையையும் துண்டில் முடிந்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார். தொளதொள சட்டையில் ஒன்றும் தெரியவில்லை.

எத்தனை இரும்பு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பாரம் தூக்கிய கை, அதுவே கணக்குப் போட்டிருக்கிறது. தன் உடம்பில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் மண்டிபோட்ட இடத்திலேயே இருந்தேன். அவர் இரும்பைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், பிடிக்காத சாமானைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரித் தயங்கி நின்றார்.

"எத்தினி நாளா நைனா?"

"உங்கம்மா தெவசத்துலேந்து சொரம் வருது. சாயந்தரமானா வரும், விடிஞ்சா போயிரும்." இருமினார். "நீ எங்கியாவது போணும்னு பறக்கற பையன். இத்தச் சொன்னா நின்ருவ. அப்பறம் எங்க போவ?"

அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தெலும்பு இரண்டும் சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. எத்தனை நாளாகத் துருத்திக்கொண்டிருந்தனவோ. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உனக்கு அறிவு கீதா?" என்று சந்தே கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். நான் யாரைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கே புரியவில்லை.

மறுநாள் காலை அவரை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரெய்லர்களுக்கு நடுவே, அதே குழிகளில். வழக்கமாகப் பிட்டத்தைத் தூக்கித் தூக்கி உட்காருகிறவர் அன்று அசையாமல் வந்தார். ராயபுரம் பாலத்தருகே, "ஒன்னுமே தெரியலடா, போட்டுல போறாப்புல கீது" என்றார். பனிமலைக்கு என்று நான் செய்து வைத்த ஸ்பிரிங் அத்தனையும் அவர் முதுகுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்க முடியாது.

படம் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர்கள் கண்முன்னால் வந்து விழுங்க வேண்டும், நிறுத்தினால் தொலைந்தது என்றார்கள். என் ஜூலை லீவு முழுக்க அந்தப் பாதையில்தான் போயிற்று.

அந்த முதல் நாள் மாத்திரைச் சீட்டு போடுவதற்கு முன்னால், எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா மெஷினைக் காட்டினார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனார். நான் குறுக்கே நின்றேன். சட்டைப் பையைத் தடவினேன். லுங்கி மடிப்பைப் பிரித்தேன். இடுப்பைச் சுற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். நர்ஸம்மா, "என்ன சார், போலீஸ்காரர் மாதிரி!" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, மெஷினின் முள் இருமலோடு ஆடி, அறுபத்திரண்டில் வந்து நின்றது. ஒன்றேகால் பார்.

இறங்கியதும் என் காதருகே வந்து கேட்டார். "அப்ப எப்போ கெளம்புவ?"

"உன் மொதல் கோட்டுக்கு வா. கெளம்பறேன்."

தலையாட்டினார்.

"இரும்பு இல்லாம" என்றேன்.